தூபா வேரும் பிரதோஷ விரதமும்

கால்நடைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுள் ஒருவர், சென்ற வாரம் ரஹாங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் பையிலிருந்த மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நாயின் பிடரியில் சில துளிகள் விட்டால் உண்ணி உதிர்ந்துவிடுமாம். மாட்டின் முதுகுத்தண்டு வழியே ஒரு கோடாக ஊற்றினால் உண்ணி, பேன், ஈ மூன்றும் ஒழியுமாம். மழை பெய்தாலும் மருந்து கரையாதாம். கேட்கக் கேட்க எனக்குக் கைகூப்பத் தோன்றியது. இத்தகைய ஒரு புட்டிக்காக நாங்கள் எத்தனை நாள் ஏங்கியிருப்போம்!

அந்த இளைஞர் விடைபெறும்போது, “நீங்கள் எல்லாம் இவை இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள் ஐயா?” என்று கேட்டார். அவருக்குச் சொல்லத் தொடங்கியதை உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன். மருந்தின் அளவும் கலவையும் உங்கள் கையேடுகளில் இருக்கின்றன. அவற்றை நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. கையில் மருந்து இருந்தும் அதை எப்போது, யார் கையால், எந்த வார்த்தையோடு கொடுப்பது என்று புரியாமல் நின்ற ஒரு தை மாதத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

மலாயாவில் அவசரகாலம் அப்போது முற்றியிருந்தது. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி எழுந்துவிட்டது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, சிதறிக் கிடந்த குடும்பங்களை எல்லாம் வேலிக்குள் கொண்டுவந்து நெருக்கி வைத்தார்கள். குடும்பங்களோடு மாடுகளும் வந்தன. அதுவரை ரப்பர் நிரைகளுக்கு நடுவே விருப்பம்போல் மேய்ந்து திரிந்த மாடுகள், இரவானால் ஒரே கொட்டகையில் உடம்போடு உடம்பு உரசிக்கொண்டு நின்றன. அதைவிட நல்ல விருந்து உண்ணிக்கு வேறு எங்கே கிடைக்கும்?

தம்பினுக்குச் சற்று உள்ளே இருந்த ஒரு தோட்டத்திலிருந்து, உடனே வரும்படி துரை ஆளனுப்பினார். சிரம்பானிலிருந்து காவல் லாரியோடு சேர்ந்துதான் நாங்கள் போக முடியும். பார்வையிடுவதற்காக மட்டும் அன்று போனேன். துரை பங்களாவின் முன்கூடத்தில் காத்திருந்தார். அவருக்குத் தோட்டத் துரைமாருக்கே உரிய தமிழ் தெரியும். கவர்னர் வந்தாலும் அந்தத் தமிழில் ‘நீ’ என்றுதான் அழைத்திருப்பார். சிகரெட் டின் ஒன்றைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்ளே உண்ணிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

“இது பார். சுவரிலே ஏறுது. கட்டிலிலே ஏறுது. என் நாய் சாகப் போகுது. எல்லாம் உன் மாட்டுக்கிட்டேயிருந்து வருது.”

தோட்டத்து மாடுகள் அனைத்தும் அந்த நொடியே என் சொத்தாகிவிட்டன. அவர் காலடியில் பெரிய புள்ளிநாய் ஒன்று, தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்ததுபோலச் சோகமாகப் படுத்திருந்தது.

டின்னைக் கையில் வாங்கிப் பார்த்தவுடன் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. அவை செம்பழுப்பு நிறத்தில், சுவர் இடுக்கு தேடி ஏறும் நாய் உண்ணிகள். மாட்டைக் கடிப்பது வேறு இனம். அது இரத்தம் குடித்து ஊதிய பின் சாம்பல் படிந்த ஆமணக்கு விதைபோல இருக்கும். துரையின் நாய்க்கு வந்த துன்பம் துரையின் வீட்டுச் சுவரிலேயே குடியிருந்தது. மாடுகள் அதில் குற்றமற்றவை.

இதை அங்கேயே சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனி வரை வந்தது. முதலில் கொட்டகையைப் பார்த்துவிடுவோம் என்று அடக்கிக்கொண்டேன். பார்த்தபோது மாடுகளின் காதுமடல், தாடை, மடியின் இடுக்கு எங்கும் ஆமணக்கு விதைகள் தொங்கிக்கொண்டிருந்தன. இந்த நிலையில் ‘உங்கள் நாயின் உண்ணி வேறு’ என்று நான் சொல்வது, அழுக்குச் சட்டையோடு நிற்பவனுக்காக வாதாடுவது போலாகும். உண்மைக்கும் ஒரு முகூர்த்தம் உண்டு என்று என்னையே தேற்றிக்கொண்டு வாயை மூடினேன்.

துரை தீர்ப்பைச் சொல்லிவிட்டார். “ஒரு மாசம். அப்புறம் நான் வந்து காது, வால் எல்லாம் பார்ப்பேன். உண்ணி இருந்தா, மாடு வேலிக்கு வெளியே.”

வேலிக்கு வெளியே என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். ஊரடங்கு நேரத்தில் மாட்டைக் காக்க யாரும் போக முடியாது. காட்டில் பசித்தவர்கள் இருந்தார்கள்.

கொட்டகையில் என்னைச் சூழ்ந்துகொண்ட பெண்களுக்கு முனியம்மா என்பவர் தலைவி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர், நெடிய உருவம், வெற்றிலை ஓயாத வாய். அவருடைய பசு செவலை நிறைமாதச் சினையாக நின்றது. லயத்துக் கைக்குழந்தைகள் பாதிப்பேருக்கு, அது ஈன்றதும் தரும் பால்தான் கதி என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் என் காதில் சொன்னார்.

“வெளிய விட்டா செவலை மறுநாளே கொழம்பாயிடும், டாக்டரய்யா,” என்றார் முனியம்மா. நான் மருத்துவர் இல்லை, உதவியாளன்தான். அதைப் பலமுறை சொல்லியும் தோட்டத்தில் யாரும் ஏற்றுக்கொண்டதில்லை. “எதையாவது போட்டு இந்தப் பூச்சிய ஒழிங்க.”

புதிதாக வந்திருந்த ஒரு வெள்ளைப் பொடியைப் பற்றிச் சொன்னேன். கந்தல் மூட்டைபோல் ஒரு வாடை அடிக்கும். ஆனால் நன்றாகக் கொல்லும். அடுத்த காவல் லாரி வரும் நாளில் கொண்டுவந்து தூவுகிறேன் என்றேன். அந்த நாள் எது என்று மண்டோர் விரல்விட்டுப் பார்த்துவிட்டு, “மாட்டுப் பொங்கலுங்க,” என்றார்.

“அதுக்கென்ன? அன்று தூவினால் போயிற்று. தூவிய பிறகு மாட்டைக் குளிப்பாட்டக் கூடாது. எண்ணெய் தடவவே கூடாது. எண்ணெய் பட்டால் மருந்து தோலுக்குள் இறங்கிவிடும், பாலிலும் சேரும்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முனியம்மா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார்.

“ஏன் டாக்டரய்யா, நெத்தி நெறைய துன்னூறு பூசியிருக்கீங்க. தீவாளி அன்னைக்கு நீங்க குளிக்காம கொள்ளாம இருப்பீங்களா?”

“இருக்கமாட்டேன்.”

“அப்போ வருசத்துல ஒரு நாளு, அது மட்டும் அழுக்கா நாத்தமடிச்சிக்கிட்டு நிக்கணுமா? நாங்க குளிப்பாட்டுவோம். மஞ்சளும் பூசுவோம், எண்ணெயும் வைப்போம். தொரையே வந்து குறுக்க படுத்தாலும் தாண்டிப் போய் வைப்போம்.”

பின்னால் ஒரு குரல், “நீ தாண்டுனா தொர என்னாவாரு,” என்றது. கொட்டகை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் லாரியில் திரும்பும் வழியெல்லாம் மனம் கனத்திருந்தது. பொடியைத் தூவிவிட்டு வந்தால், அவர்கள் எண்ணெய் தடவுவது உறுதி. குழந்தைகள் குடிக்கும் பால் அது. தூவாமல் விட்டால் மாடுகள் வேலிக்கு வெளியே போகும். விதியைப் படித்துச் சொல்லிவிட்டு, மீறியது அவர்கள் குற்றம் என்று கையைத் துடைத்துக்கொள்ளவும் வழியிருந்தது. அப்படித் துடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

வண்டி அம்பாங்கானை நெருங்கும்போது, இடபத்தின் மேல் ஏறிவரும் பெருமானைப் பாடும் பதிகம் ஒன்றை வழக்கம்போல் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அடியார்கள் அந்த விடைக்கு எத்தனை விதமாக நீராட்டி, மாலையிட்டு மகிழ்ந்திருக்கிறார்கள்! அந்த நீராட்டலைத் தடுக்க நான் யார்? நீரையே மருந்தாக்கிவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

தூபா வேரை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த மண்ணிலேயே விளையும் கொடி. அதன் வேரை இடித்து ஊறவைத்தால் பால்போல் வெண்மையாக ஒரு சாறு வரும். பூச்சிக்கு எமன், மாட்டின் தோலுக்கு ஊறு செய்யாது. அந்தச் சாற்றைச் சவர்க்கார நீரில் கலந்து மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். புதிய பொடி வந்தபின் அந்த வேர் எங்கள் கிடங்கில் மூலையில் கிடந்தது.

என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். சுருக்கமாகப் பேசுவார், பேசியது நெடுநாள் காதில் நிற்கும். அவரிடம் போய் வேர் கேட்டேன்.

“வேர் தாறன். தண்ணி எங்கை போகும்?” என்றார்.

“வாய்க்காலில் போகும் ஐயா.”

“வாய்க்கால் எங்கை போகும், ஐசே?”

நல்ல வேளையாக அதைப் பார்த்திருந்தேன். வேலியைத் தாண்டி ஒரு சதுப்பில் போய் முடிகிறது என்றேன்.

“அண்டைக்கு மறுபடியும் பாரும். தண்ணி எந்த நாளும் ஒரே இடத்துக்குப் போறேல்லை.”

வேர்மூட்டையும் சவர்க்காரக் கட்டிகளும் தோட்டத்து லாரியில் முன்னதாகப் போயின. இடித்து ஊறப்போடும்படி சொல்லியனுப்பினேன். மாட்டுப் பொங்கலன்று, பால்வெட்டு முடிந்த நேரத்தில் நான் போய் இறங்கியபோது லயத்து வாசல்களில் கோலம் பூத்திருந்தது. கொட்டகை முன்னே பீப்பாய்களில் சாறு தயாராக இருந்தது. வேரை இடித்த பெண்கள் முகத்தில் துணி கட்டியிருந்தும், தூள் பறந்து பட்டதில் ஒருத்திக்கு உதடு மரத்துவிட்டது.

“ஒதடு இருக்கான்னே தெரியல,” என்று அவள் குழறினாள்.

“சாமி கண்ணத் தொறந்துட்டாரு. கொஞ்ச நேரம் எங்க காதுக்கு லீவு,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

துரை, மாடுகள் குளிப்பதைப் பார்ப்பதற்கு நாற்காலி போடச்சொல்லி உட்கார்ந்திருந்தார். எங்களுக்குக் காவலாக வந்த மலாய்க்காரக் கோப்ரல், தோட்டங்களிலேயே சுற்றியதால் தமிழ் நன்றாகப் பேசுவார். கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“டாக்டர், மூணு மணிக்கு லாரி ஜாலான், கெளம்பிடும். மாடு குளிச்சாலும் சரி, குளிக்கலனாலும் சரி லா.”

மேளம் தொடங்கிவிட்டது. முனியம்மா செவலையைப் பிடித்துக்கொண்டு வரிசையின் முதலில் நின்றார். வாளியை முக்கி எடுத்தார்கள். அப்போது கோப்ரல் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்து முகர்ந்தார்.

“ஓ, தூபாவா? எங்க கிராமத்துல, கம்பத்துல, இதை ஆத்துல போடுவாங்க. மீன் எல்லாம் மேல வந்து மிதக்கும். மாடும் மிதக்குமா டாக்டர்?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் மேலதிகாரியின் குரல் கேட்டது. வாளியைப் பிடித்திருந்தவரிடம், “கொஞ்சம் நில்லுங்கள்,” என்று சொல்லிவிட்டு வாய்க்காலை நோக்கி நடந்தேன். வாய்க்கால் புதிதாகச் செதுக்கப்பட்டு, புல் பறிக்கப்பட்டு, கல்யாண வீட்டு முற்றம்போல் இருந்தது. ஆனால் சதுப்புப் பக்கம் அது அடைபட்டிருந்தது. வேறொரு பக்கம் புதிதாக வெட்டிவிடப்பட்டிருந்தது. பின்னாலேயே வந்த மண்டோர் பெருமையோடு நின்றார்.

“நேத்து நாந்தான் வெட்டிவிட்டேங்க. மழையில்லாம தொரையோட கொளம் வத்திப்போச்சு. இன்னைக்கு இத்தன மாடு குளிக்குது. அவ்வளவு தண்ணியும் சும்மா சதுப்புல போகணுமா? கொளத்துல சேந்தா தொரைக்கும் குளிர்ச்சி.”

பங்களாவின் முன்னிருந்த அந்தக் குளத்தில் துரை ஆசையாக வளர்த்த சிவப்பு மீன்கள் இருந்தன. புள்ளிநாய்க்கு அடுத்தபடி அவருக்கு உயிர் அவைதான். முதல் வாளி கவிழ்ந்திருந்தால், பொங்கல் முடிவதற்குள் அவை வயிற்றைக் காட்டி மிதந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு மாதத் தவணை ஏது?

மேளக்காரர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்ரல் மறுபடியும் கடிகாரத்தைத் தட்டினார். துரை எழுந்து வந்து, “என்ன நிக்குது?” என்றார். மண்டோர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு வெளுத்துப்போனார். ஏதேனும் சாக்குச் சொல்லி வாய்க்காலைத் திருப்பிவிடலாம். ஆனால் காரணம் சொல்லாமல் திருப்பிய வாய்க்காலை, காரணம் தெரியாத இன்னொருவர் நாளைக்கே மறுபடியும் திருப்பிவிடுவார். எனவே உள்ளதைச் சொன்னேன்.

“இந்தத் தண்ணீர் மாட்டுக்கு நல்லது, மீனுக்கு விஷம். உங்கள் குளம் வற்றக்கூடாது என்று அன்போடு வாய்க்காலைத் திருப்பியிருக்கிறார்கள். மருந்தைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்லாததால் தெரியவில்லை. வாய்க்காலை அடைத்து ஒரு குழி வெட்டும் வரை பொறுத்தால் உங்கள் மீன்கள் பிழைக்கும்.”

துரை குளத்தைப் பார்த்தார்; பீப்பாயைப் பார்த்தார்; மண்டோரைப் பார்த்தார். அவர் முகம் அந்த மீன்களின் நிறத்துக்கு வந்தது. பிறகு மண்டோரின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கித் தாமே வாய்க்காலை அடைக்கத் தொடங்கினார்.

துரை மண் வெட்டுவதை அந்தத் தோட்டம் அதற்குமுன் கண்டதில்லை. ஒரு கணம் திகைத்து நின்ற ஆண்கள், அடுத்த கணம் ஆளுக்கொரு மண்வெட்டியோடு ஓடினார்கள். மேளக்காரர்களுக்கு என்ன தோன்றியதோ, குழி வெட்டும் வேகத்துக்கு ஏற்ப அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோப்ரல்கூடத் துப்பாக்கியைச் சக காவலரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். “அப்பதான் லாரி நேரத்துக்குப் போகும் லா,” என்றார்.

குளித்தல் தொடங்கியது. உங்களிடம் உள்ள தெளிப்பான் எத்தனை உயர்ந்ததானாலும், அன்று நான் கண்ட காட்சிக்கு ஈடாகாது. பண்டிகை நாளில் தன் பசுவைக் குளிப்பாட்டும் பெண்ணின் விரல் போகாத இடமே இல்லை. காதுக்குள், கொம்பின் அடியில், தாடையின் மடிப்பில், வாலின் அடியில், மடியின் இடுக்கில் என உண்ணி ஒளியும் இடங்கள் அனைத்திலும் மருந்துநீர் ஏறியது. நான் கட்டளையிட்டுச் செய்வித்திருந்தால் முதுகை நனைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

எண்ணெயைப் பற்றிச் சமரசம் பேச வேண்டியிருந்தது. கொம்புக்கு எண்ணெய், நெற்றிக்கு மஞ்சளும் குங்குமமும், கழுத்துக்கு மாலை, உடம்புக்கு ஒன்றும் வேண்டாம், கறக்குமுன் மடியைக் கழுவ வேண்டும் என்றேன். முனியம்மா யோசித்து, “கொம்புக்கு எவ்வளவு வேணும்னாலும் வைக்கலாமா?” என்று கேட்டார். வைக்கலாம் என்றேன். அன்று செவலையின் கொம்பிலிருந்து எண்ணெய் சொட்டாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளே நிற்க வேண்டியிருந்தது.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. ஒரு குளியலோடு உண்ணி ஒழியாது. மண்ணிலும் கொட்டகை இடுக்கிலும் உள்ள முட்டைகள் பொரித்து மீண்டும் ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது இதே குளியல் வேண்டும். எனக்கோ காவல் லாரி கிடைக்கும் நாளில்தான் வரமுடியும். இதைச் சொன்னவுடன் பெண்கள் சோர்ந்துபோனார்கள்.

“பொழுது விடிஞ்சா பெரட்டுல பேரு குடுக்கணும், பால்வெட்டு, ரேசன் வரிசை. இதுல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எவ ஞாபகம் வெச்சிக்குவா, டாக்டரய்யா?” என்றார் முனியம்மா.

மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் சிறிய சிவலிங்கமும், சிமெண்டால் செய்த நந்தியும் இருந்ததை வரும்போது கவனித்திருந்தேன். நந்தியின் கழுத்தில் வாடிய அறுகம்புல் மாலை இருந்தது.

“அந்த நந்திக்கு மாலை போட்டது யார்?”

“நாந்தான். பிரதோசத்துக்கு விரதம் இருப்பேன்.”

“அடுத்த பிரதோஷம் எப்போது?”

“வர்ற வியாழன்.”

“அதற்கு அடுத்தது?”

“அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சி வெள்ளி...” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். வெற்றிலை மெல்லுவதும் நின்றது. பின் மெதுவாகச் சிரித்தார். “மொதல்லயே இத கேட்டிருக்கலாமில்ல? சிமிட்டி நந்தி குளிக்கிற அன்னைக்கு உசுரு நந்தியும் குளிக்கட்டும்.”

பெருமானுக்கு உகந்த வேளையை உண்ணி ஒழிக்கப் பயன்படுத்தினோமே என்று எனக்கு ஒருபோதும் கூச்சம் வந்ததில்லை. தன்னைச் சுமப்பவன் நலமாக இருந்தால் அவனுக்கும் மகிழ்ச்சிதானே.

அந்த ஒரு மாதத் தவணை முடிந்ததும், சொன்னபடியே துரை வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாடு மாடாகக் காதைப் புரட்டினார், வாலைத் தூக்கினார். செவலை ஈன்றிருந்தது; கன்று முனியம்மாவின் முந்தானையைச் சப்பிக்கொண்டு நின்றது. கிழ எருது ஒன்றின் காதில் துரையின் விரல் நின்றது. எதையோ பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். காய்ந்து சருகான பழைய உண்ணி, கையில் நொறுங்கியது.

“மாடு இருக்கலாம்,” என்றார்.

முனியம்மா கன்றின் தலையைத் தடவினார். துரை போகாமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து அதே சிகரெட் டின்னை எடுத்தார்.

“மாடு சுத்தம். அப்போ என் நாய்க்கு எங்கேயிருந்து வருது?”

அந்த முகூர்த்தம் வந்துவிட்டது. மாடுகள் அப்போது யாருடைய வக்காலத்தும் இல்லாமல் தாமே சாட்சியாக நின்றன. டின்னில் இருந்தது நாய் உண்ணி என்பதையும், அது மாட்டை நாடாமல் பங்களாச் சுவரின் வெடிப்புகளில் முட்டையிடுவதையும், அந்த வெடிப்புகளைப் பூசி அடைத்து நாயையும் குளிப்பாட்ட வேண்டும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். முதல் நாளிலேயே சொல்லியிருந்தால் அது துரையின் காதில் பழியாக விழுந்திருக்கும். இப்போது அவரே கேட்ட கேள்விக்கு விடையாக இருந்ததால், அமைதியாகத் தலையசைத்தார்.

நான் துரைக்கு ஆங்கிலத்தில் விளக்கியதை மண்டோர் பெண்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். முனியம்மாவின் கண்கள் விரிந்தன.

“அப்போ தொரை ஊட்டு உண்ணிக்கா எங்க மாடு காட்டுக்குப் போகப் பாத்துச்சு?” என்று கேட்டுவிட்டு, தாமே ஆறினார். “சரி போகட்டும். பாவம், அது வாயில்லா சீவன். வைரவரு வாகனம். பிரதோசத்துக்கு அதையும் இட்டாரச் சொல்லுங்க. நந்திக்குப் பின்னால நிக்கட்டும்.”

அடுத்த பிரதோஷத்தன்று எனக்குக் காவல் லாரி கிடைத்தது. நான் போனபோது மாடுகள் வரிசையாக நின்றன. வரிசையின் கடைசியில், பங்களாச் சமையல்காரர் சங்கிலியைப் பிடித்திருக்க, துரையின் புள்ளிநாய் மிகுந்த மரியாதையோடு தன் முறைக்குக் காத்திருந்தது. அதன் நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு இருந்தது.

துரை முன்னமே வந்து குழியின் கரையில் நின்றுகொண்டிருந்தார். முனியம்மா முதல் வாளியை முக்கித் தூக்கினார். துரை கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, மண்டோரின் பக்கம் திரும்பினார்.

“இரு. தண்ணி எங்கே போகுது?”